ஸேரியேவா ஃப்ரீரெனா: நேருக்கு நேர் வந்தால் யார் ஜெயிப்பார்?

தே_சி_கோசோங்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது 'ஃப்ரீரென்' என்ற ஜப்பானிய மங்கா (படக்கதை) பற்றிய பேச்சு, அதில் பின்னால் வரும் விஷயங்களும் இதில் இருக்கும். அனிமே மட்டும் பார்ப்பவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள்.

தேசிய சேவையில் என்னோடு இருந்த ஒருவனுடன் தெம்பனிஸ் கோப்பிக் கடையில் தொடங்கிய சண்டை இன்னும் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. ஸேரியே, ஃப்ரீரென் இருவருமே நெடுங்காலம் வாழும் எல்ஃப் இன மந்திரவாதிகள். அவன் கட்சி சுலபம். ஸேரியேவுக்கு மந்திர சக்தி அதிகம், மனிதர்கள் கண்டுபிடித்த மந்திரங்களில் ஏறக்குறைய எல்லாமே அவள் கையில், அதனால் ஃப்ரீரென் எதிரே வந்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்க மாட்டாள். எனக்கு இது ஒப்பவில்லை. தன்னைவிட சக்தி குறைந்த மந்திரவாதிகளிடம் 11 முறை தோற்றிருப்பதாக ஃப்ரீரெனே சொல்கிறாள். அதில் 4 அரக்கர்கள், 1 எல்ஃப், மிச்சம் 6 பேரும் மனிதர்கள். அவளையே அப்படித் தோற்கடிக்க முடியுமென்றால், ஸேரியேவை மட்டும் ஏன் முடியாது? சக்தி அளவை வைத்தே முடிவு சொல்வது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவனுக்கு அப்படியே அனுப்ப வேண்டும்.

பொங்கோல்_பூனை:

உங்கள் நண்பர் பாதி சரி. ஆனால் சக்தி அளவு என்று பேச ஆரம்பித்தாலே ஆவுரா என்ற அரக்கியோடு ஃப்ரீரென் போட்ட சண்டையைத் தொடாமல் இருக்க முடியாது, ஏனென்றால் இந்தக் கதையில் சக்தியை நேரடியாக நிறுத்துப் பார்க்கும் ஒரே இடம் அதுதான். ஆவுராவின் மந்திரத் தராசில் இரண்டு பேருடைய ஆன்மாவும் ஏறும், யாருக்கு மந்திர சக்தி அதிகமோ அவர் மற்றவரை அடிமையாக்கிவிடலாம். மன உறுதி உள்ளவர்கள் கொஞ்ச நேரம் எதிர்த்து நிற்பார்கள் என்பதால்தான் ஆவுரா அவர்களுடைய தலையை வெட்டி வைத்திருக்கிறாள், அந்தத் தலையில்லாத கவச வீரர்கள் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். 500 வருஷத்துக்கும் மேல் வாழ்ந்த தைரியத்தில் அவளே தராசை எடுத்து நீட்டுகிறாள், தட்டு ஃப்ரீரென் பக்கம் சாய்கிறது. அந்த ஒரு நொடியில் அவள் முகம் மாறுவதை அனிமேயில் எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது!

இங்கே கவனிக்க வேண்டியது, ஃப்ரீரெனுக்கு சக்தி அதிகம் என்பது மட்டும் இல்லை. 1000 வருஷத்துக்கு மேலாக அதை மறைத்தே வாழ்ந்திருக்கிறாள். அரக்கர்களுக்குள் யார் பெரியவர் என்பதே சக்தி அளவை வைத்துத்தான், அதனால் அதைக் குறைத்துக் காட்டுவது அவர்களுக்கு நினைத்தே பார்க்க முடியாத காரியம். ஃப்ரீரெனுக்கு அவளுடைய குரு ஃப்ளாம்மே சொல்லிக்கொடுத்ததே அந்த ஏமாற்றைத்தான்.

அப்புறம் ஏன் உங்கள் நண்பர் பாதி சரி என்றேன்? அந்த வித்தை ஸேரியேவிடம் பலிக்காது. ஃப்ளாம்மேயே அவளுடைய சிஷ்யை. ஸேரியேவும் தன் சக்தியை மறைத்துத்தான் வைத்திருக்கிறாள், முதல் நிலை மந்திரவாதித் தேர்வின் நேர்முகத்தில் அந்தச் சக்தியின் சின்ன அசைவைக் கண்டுபிடித்தவள் ஃப்ரீரெனின் சிஷ்யை ஃபெர்ன். அதனால் ஃப்ரீரெனின் பெரிய ஆயுதம் முதலிலேயே போய்விட்டது.

யூபெல்_கட்சி:

அதே தேர்வு எழுதிய யூபெலைப் பற்றி யாருமே பேச மாட்டீர்களா? அந்த உலகத்தில் மனதில் கற்பனை செய்ய முடியாததை மந்திரத்தால் செய்ய முடியாது. யூபெலுக்கு அது அப்படியே தலைகீழ், வெட்ட முடியும் என்று தோன்றினால் வெட்டிவிடுவாள். முந்தைய தேர்வில் எதுவுமே துளைக்காத பாதுகாப்பு மந்திரம் போட்ட மேலங்கியோடு நின்ற தேர்வாளரை வெட்டினாளே, அவளுக்கு அது வெறும் துணி. உள்ளே நுழைபவர்களின் நகல் எதிரே வரும் கல்லறைத் தேர்வில், தலைமுடியால் சண்டை போடும் தேர்வாளர் ஸென்ஸேயின் நகலையும் அதே மாதிரிதான், எத்தனை மந்திரம் ஏற்றினாலும் அவள் கண்ணுக்கு அது தலைமுடி, தலைமுடியைக் கத்தரிக்கலாம், முடிந்தது. ஸென்ஸே முதல் நிலை மந்திரவாதி, யூபெல் அப்போது மூன்றாம் நிலைதான். இது கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டு மாதிரிதான் லா, யாருக்கு எதிரே யார் நிற்கிறார் என்பதைப் பார்க்காமல் வரிசைப் பட்டியல் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நைட்ஷிஃப்ட்_நேசன்:

பட்டியல் வேண்டாம் என்றால் இதைச் சொல்லுங்கள். பிளாக் க்ளோவர் என்ற இன்னொரு மங்காவின் ஆஸ்டாவை ஆவுரா முன்னால் நிறுத்துங்கள். அவனுக்கு மந்திர சக்தி சுத்தமாகப் பூஜ்யம், தராசு ஒரே தட்டாக ஆவுரா பக்கம் விழுந்துவிடும். ஆனால் கையில் இருப்பது மந்திரத்தையே அழிக்கும் வாள், அதிலும் மூன்றாவது வாள் ஏற்கெனவே பட்ட மந்திரத்தின் விளைவைக்கூட எடுத்துவிடும். யார் ஜெயிப்பார்?

யூபெல்_கட்சி:

கட்டளை விழுந்த பிறகு வாளைத் தூக்க அவன் கை அவன் பேச்சைக் கேட்க வேண்டுமே. அதற்கு முன்னாலேயே வீசினால் ஆஸ்டா. ஆனால் அவன் கத்திக்கொண்டே ஓடி வருவதற்குள் ஆவுரா தராசைத் தூக்கிவிடுவாள்.

நைட்ஷிஃப்ட்_நேசன்:

மன உறுதி உள்ளவர்கள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பார்கள் என்று பூனை அண்ணன் மேலே எழுதியிருக்கிறாரே. ஆஸ்டாவிடம் வேறு என்ன இருக்கிறது, மன உறுதிதான் இருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்குப் போதும்.

தே_சி_கோசோங்:

ஐயா, நான் கேட்ட கேள்வி எங்கே, நீங்கள் போகும் இடம் எங்கே! பூனை அண்ணே, அப்படியானால் ஃப்ரீரெனுக்கு வாய்ப்பே இல்லை என்கிறீர்களா?

பொங்கோல்_பூனை:

இல்லை தம்பி, நான் இன்னும் முடிக்கவில்லை, வேலைக்கு நடுவே எழுதுகிறேன்.

குவால் என்ற அரக்கனை நினைத்துப் பாருங்கள். அவன் ஸோல்ட்ராக் என்ற கொல்லும் மந்திரத்தைக் கண்டுபிடித்தபோது எந்தக் கேடயமும் அதைத் தடுக்கவில்லை, ஃப்ரீரெனும் இருந்த வீரன் ஹிம்மெலின் கூட்டமே அவனைக் கொல்ல முடியாமல் முத்திரையிட்டுத்தான் வைத்தது. 80 வருஷம் கழித்து வெளியே வந்து அதே மந்திரத்தைப் போட்டால் ஃபெர்ன் மாதிரி ஒரு சின்னப் பெண் சாதாரணத் தற்காப்பு மந்திரத்தால் தடுத்துவிடுகிறாள். அந்த இடைவெளியில் மனிதர்கள் அதைப் பிரித்து மேய்ந்து, எல்லாரும் கற்கும் சாதாரணத் தாக்குதல் மந்திரமாகவே ஆக்கிவிட்டார்கள். மாஹ்ட் என்ற அரக்கனின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு காலத்தில் ஃப்ரீரெனையே தோற்கடித்தவன் அவன், எல்லாவற்றையும் தங்கமாக்கும் அவனுடைய சாபத்தை அவள் உட்கார்ந்து அலசி அவிழ்த்தாள், கடைசியில் அவனை வீழ்த்தியவர் அவனிடமே மந்திரம் கற்ற டெங்கென் என்ற கிழவர்.

அதனால் என் கணக்கு இது. இரண்டு பேரும் நாளைக்குக் காலையில் மோதினால் ஸேரியே, சந்தேகமே இல்லை. ஸேரியே எப்படிச் சண்டை போடுவாள் என்பதைப் படிக்க ஃப்ரீரெனுக்குக் கொஞ்ச வருஷம் கிடைத்தால், நான் ஃப்ரீரென் பக்கம். எல்ஃப்களுக்கு வருஷத்துக்கா பஞ்சம்?

தே_சி_கோசோங்:

இது போதும், அனுப்பிவிட்டேன். பதில் உடனே வந்துவிட்டது. "ஃப்ரீரெனை மட்டும் யாரும் படிக்க மாட்டார்களா? மந்திரம் போடும் நொடியில் அவளுக்கு எதிரியின் சக்தியை உணர முடியாது, கல்லறைத் தேர்வில் ஃபெர்ன் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துத்தானே இரண்டு பேரும் சேர்ந்து ஃப்ரீரெனின் நகலை முடித்தார்கள், ஃபெர்னுக்குத் தெரிந்தது ஸேரியேவுக்குத் தெரியாதா" என்கிறான்.

பொங்கோல்_பூனை:

அட, ஆள் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார். ஆனால் ஒன்று கேளுங்கள் அவரை. அந்த ஓட்டை தெரிந்தும்கூட ஃபெர்னுக்கு என்ன ஆனது? நகல் திருப்பி அடித்தது மந்திரம் என்றே அவளால் உணர முடியவில்லை, சுவரில் போய் மோதினாள். ஃப்ரீரென் அந்த மாதிரி இன்னும் எத்தனை வைத்திருக்கிறாள் என்று அவர் சொல்லட்டும், பிறகு பேசலாம்.

நைட்ஷிஃப்ட்_நேசன்:

ஆஸ்டா கேள்விக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.