காந்தி ரோட்டில் உட்கார்ந்து வரைவது கலையா, வேடிக்கையா?

பாலாற்றங்கரை:
நான் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வேலூர் காந்தி ரோடு, லாங்கு பஜார், நேதாஜி மார்க்கெட் பக்கம் உட்கார்ந்து வரைகிறேன். அந்தப் படங்களைச் சென்னையில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். பார்த்த மூத்த ஓவியர் ஒருவர், "வேலூர்னு சொல்றே, கோட்டையையே காணோம். இது எந்த ஊர்ச் சந்துலயும் இருக்கறதுதானே?" என்றார். அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

கோட்டையைக் கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்களே வரைந்து முடித்துவிட்டார்கள். அகழி, மதில், பின்னால் மொட்டை மலை. எனக்கு ஊர் என்றால் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் லாட்ஜ் மாடிகள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்துத் தாங்களே சமைக்கிறார்கள். கைப்பிடிக் கம்பியில் சிவப்புக்கரைப் புடவை காய்கிறது, படியில் கடுகெண்ணெய் வாசனை. காய்க்காரம்மா வங்காளியில் விலை சொல்கிறார், வாங்குகிறவர் ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு தமிழில் "கம்மி பண்ணுங்க" என்கிறார். இது எந்த ஊர்ச் சந்தில் இருக்கிறது? இதை விட்டுவிட்டு நான் எங்கே போய்த் தேட வேண்டும்?

கோட்டை அகழி:
சார், உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் பார்க்கச் சுவையாக இருப்பது வேறு, படமாவது வேறு. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போய் நில்லுங்கள். அந்தச் சிற்பியும் குதிரையைத் தெருவில்தான் பார்த்திருப்பான். தூணுக்கு வந்தபோது அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு கூரையையே தாங்குகிற உருவமாகிவிட்டது. கண்டதை அப்படியே காகிதத்தில் இறக்கினால் நிருபர் வேலைதான் மிஞ்சும். திருவண்ணாமலையில் பிறந்த ஓவியர் சந்தானராஜ் (அப்போது அது நம் வட ஆற்காடு ஜில்லா) சென்னை ஓவியக் கல்லூரிக்குப் போய்ப் படித்து, பின்னால் அங்கேயே முதல்வரும் ஆனார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சக ஓவியர்களும் 1966-ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தது, கூடி வாழ்ந்து வேலை செய்ய ஒரு இடம் வேண்டும் என்றுதான். அப்படிக் கூடி இருந்தால் ஒருவர் தப்பை இன்னொருவர் சொல்லலாம். காந்தி ரோட்டில் உங்கள் கோடு தப்பு என்று யார் சொல்வார்கள்?

இன்னொன்று என்னைப் பெரிதும் உறுத்துகிறது. கடன் வாங்கிக்கொண்டு, பாஷை தெரியாத ஊருக்கு வந்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவர் முகம் உங்களுக்குக் கருப்பொருளா? "வரையட்டுமா?" என்று நீங்கள் கேட்டாலும் "வேண்டாம்" என்று சொல்லும் தெம்பில் அவர் இல்லை. அந்தச் சம்மதத்துக்கு மதிப்பே கிடையாது.

கொசப்பேட்டை ஆர்ட்ஸ்:
நான் போர்டு எழுதினவன். ஃபிளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி இந்த ரோட்டுல பாதிக் கடைக்கு நம்ம கைதான். தம்பி இன்னாத்தைத் தேடிகினு கீறாருன்னு எனக்குப் புரியுது. அகழி சாரு சொல்றதும் புரியுது. ஆனா எங்க தொழில்ல தேடிகினு போறதுன்னு ஒண்ணு கெடையாது. கடைக்காரரு வருவாரு, "வங்காளத்துல பேரு எழுதணும்"பாரு. எனக்கு அந்த எழுத்து ஒண்ணும் தெரியாது. மருந்துக்கடையில நின்ன ஒரு பேஷண்டோட அண்ணன் பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு. சுவத்துல நூல் அடிச்சு, கட்டம் போட்டு, உருவத்தைப் பாத்துப் பாத்து எழுதினேன். மேல ஒரு கோடு நீளமா ஓடும், கொடியில துணி தொங்கற மாதிரி எழுத்தெல்லாம் அதுல தொங்கும். நம்ம எழுத்து தனித்தனியா தரையில உக்காரும். அன்னிக்கு அந்த வித்தியாசம் கையில ஏறினதுதான், அப்புறம் தமிழ் எழுதறப்பவே என் கை மாறிப்போச்சு. இது எந்தக் காலேஜு?

தப்புன்னு யாரு சொல்வாங்கன்னு கேட்டீங்களே. அந்த அண்ணனே ஏணிக்குக் கீழ நின்னு ஒரு எழுத்தைக் கையைக் காட்டி அழிக்கச் சொன்னாரு. அழிச்சேன்.

மாசி மாசம் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குக் காளி வேசம் கட்டறவங்களுக்கு முகம் எழுதுவேன். முத்துமண்டபம் பக்கம் பாலாத்துக்குப் போற வரைக்கும் அந்த வேர்வைக்கு நிக்கணும் நம்ம கலரு. ஊரு கேக்குது, நாம எழுதறோம். தம்பி, உன்னை யாரு கேட்டாங்க? அதைக் கொஞ்சம் யோசி.

சத்துவாச்சாரி வாசகி:
எங்க அப்பாவுக்குக் காந்தி ரோட்டுச் சந்துல வாடகைப் பாத்திரக் கடை. நான் அங்கேயே வளர்ந்தவள், அதனால ரெண்டு பேருக்குமே பதில் சொல்றேன்.

அகழி சார், நோயாளி குடும்பம்னா எப்பவும் அழுதுகிட்டு உட்கார்ந்திருப்பாங்கன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. அந்த மாடியில சண்டை நடக்கும், சிரிப்பு நடக்கும். மீன் வாங்கி வந்து நம்ம அரிவாள்மணையிலேயே நறுக்குவாங்க, அவங்க ஊர்லயும் அதே மாதிரிதான் இருக்காம். மாசக்கணக்கில தங்கினவங்க எங்க அம்மாவுக்குக் கடுகு போட்டு மீன் செய்யக் கத்துக்கொடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரி வரிசையில நம்பரா நின்னுட்டு வர்ற மனுசனை ஒருத்தர் நிதானமா முகம் பார்த்தா, அது எல்லாருக்கும் கோபம் வர்ற விஷயம் இல்ல.

ஆனா பாலாற்றங்கரை அண்ணா, நீங்க இங்க போட்ட படங்களைப் பார்த்தேன். எல்லாம் பழுப்பு, எல்லாம் குனிஞ்ச தலை. எங்க கடையில அடுக்கின அலுமினியப் பாத்திரம் வெயில்ல மின்னுறது உங்க கண்ணுக்குப் படலையா? துக்கத்தை மட்டும் பொறுக்கி எடுத்தா அது எங்க தெரு இல்ல. அந்த இடத்துல அகழி சார் பக்கம்தான் நான்.

பாலாற்றங்கரை:
வாசகி, பழுப்பு பற்றிச் சொன்னது சரியான அடி. ஆனால் அது துக்கத்தைத் தேடியதால் வந்ததில்லை. விளக்கு வெளிச்சத்தில், கரியும் காவியும் மட்டும் வைத்து வரைந்தது. காலை வெயிலில் உங்கள் சந்துக்கு வர வேண்டும்.

அகழி சார், சம்மதம் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒரு எல்லை மட்டும் வைத்துக்கொள்கிறேன். தாங்களாகவே வந்து "என்னை வரை" என்று கேட்கிறவர்களின் முகத்தை மட்டும் வரைவேன், அந்தத் தாளை அவர்களிடமே கொடுத்துவிடுவேன். கண்காட்சிக்கு முகம் போகாது. பாத்திரம், கை, படிக்கட்டு, காயும் துணி போகும். அண்ணன் கேட்ட "உன்னை யாரு கேட்டாங்க"வுக்கும் எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

ஆனால் சென்னைக்குப் போனால்தான் உருவம் வரும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அண்ணனுக்கு உருவம் ஏணி மேலேதான் வந்தது, தப்பு சொன்னவரும் அங்கேயேதான் நின்றார்.

கோட்டை அகழி:
முகத்தைக் கொடுத்துவிடுவது நல்லது, ஆனாலும் என் மனம் முழுக்க ஆறவில்லை. கேட்டு வருகிறவரும் நாளைக்கு அந்தத் தாளைப் பார்க்க விரும்பாமல் போகலாம். அங்கே நான் மாறப்போவதில்லை.

ஆர்ட்ஸ் அண்ணா சொன்ன எழுத்தைத்தான் நேற்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே ஓடும் ஒரு கோடு, அதில் தொங்கும் எழுத்து. கீழே தரையில் உட்காரும் தமிழ் எழுத்து. இரண்டும் ஒரே சுவரில். பாலாற்றங்கரை சார், நான் உருவம் என்று கேட்டது இதைத்தான். உங்கள் லாட்ஜ் மாடியில் கம்பியும் துணியும் அதே அமைப்பில்தானே இருக்கிறது? நீங்கள் புடவையை வரைந்தீர்கள், கம்பியை விட்டுவிட்டீர்கள். கம்பியிலிருந்து தொடங்குங்கள். அது வந்தால் நோயாளி என்று எழுதிக் காட்ட வேண்டிய அவசியமே இருக்காது, கண்காட்சிக்கு நானே முதலில் வருவேன்.

கொசப்பேட்டை ஆர்ட்ஸ்:
தம்பி, நான் எழுதின வங்காள எழுத்து ஒண்ணு இன்னும் கீது. லாங்கு பஜாருக்குத் திரும்பற சந்துல, மூடிக் கெடக்கற மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கடை ஷட்டர் மேல. பாதி உரிஞ்சுபோச்சு, பொங்கலுக்குப் புது பெயிண்ட் அடிக்கறேன்னு ஓனரு சொல்லிகினு கீறாரு. காலைல ஒன்பது மணிக்கு முன்னாடி வந்துடு. கடை தொறந்துட்டா ஷட்டர் சுருண்டு மேல போயிடும், ஒண்ணும் தெரியாது. வாசகிம்மாவையும் கூட்டிகினு வா, அந்தச் சந்துல யாரைக் கேக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.