ஸ்டெப்னி ஓர் அளவு, ஓடும் நான்கு சக்கரங்கள் வேறோர் அளவு: எதை மாற்றுவது?

மலைப்பாதைப் பயணி:

ஆறு மாதங்களுக்கு முன் கோயம்புத்தூரில் பழைய ஹேட்ச்பேக் கார் ஒன்றை வாங்கினேன். சென்ற வாரம் குடும்பத்துடன் வால்பாறைக்குப் புறப்பட்டபோது, ஆழியாற்றை நெருங்கும் இடத்தில் இடது முன்சக்கரம் பஞ்சரானது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் வண்டி இடப்பக்கமே இழுத்தது. அந்த நிலையில் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறத் துணிவில்லாமல் பொள்ளாச்சிக்குத் திரும்பிவிட்டோம்.

வேறுபாட்டைக் காட்டியவர் அங்கிருந்த பஞ்சர் கடைக்காரர்தான். ஓடுகின்ற நான்கும் அலாய் வீல், 205/60 ஆர்16. ஸ்டெப்னி மட்டும் இரும்பு டிஸ்க், 185/65 ஆர்15. முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு பொருந்தாத ஸ்டெப்னியைப் போட்டு வண்டியை விற்றுவிட்டார் என்றும், மற்ற நான்கின் அளவிலேயே ஐந்தாவதாக ஒன்று வாங்கிவிடுவதே சரி என்றும் அவர் சொன்னார். அலாய் வீலும் டயரும் சேர்த்து வாங்கினால் செலவு சிறியதாக இராது. அவசரத்துக்கு மட்டும் எடுக்கும் சக்கரத்துக்கு அளவு இவ்வளவு முக்கியந்தானா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

எதையும் வாங்குவதற்கு முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த ஸ்டிக்கரைப் படியுங்கள். வண்டிக்கு நிறுவனம் விதித்த டயர் அளவு அதில் இருக்கும். என் ஐயம், உங்கள் ஸ்டெப்னிதான் சரியான அளவில் இருக்கிறது, மற்ற நான்குந்தான் தவறு என்பது.

கணக்கு எளிது. 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 15 அங்குலம். பக்கச்சுவர் மேலும் கீழும் வருவதால் அதை இரண்டால் பெருக்கி ரிம்மின் விட்டத்தோடு கூட்டினால் முழுச் சக்கரத்தின் விட்டம் 621.5 மி.மீ. ஆகிறது. இதே முறையில் 205/60 ஆர்16 சக்கரத்துக்கு 652.4 மி.மீ. வரும். ஏறத்தாழ 31 மி.மீ., அதாவது 5 விழுக்காடு வேறுபாடு. ஒரு கிலோமீட்டர் ஓடப் பெரிய சக்கரம் சுமார் 488 முறை சுழன்றால், உங்கள் ஸ்டெப்னி 512 முறை சுழல வேண்டும். ரிம் 15, 16 என்று வேறாக இருப்பது மட்டும் குற்றமாகாது. முழு விட்டம் ஒத்துப்போகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

ஸ்டிக்கரில் 185/65 ஆர்15 என்றுதான் இருக்குமானால் இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய சக்கரம் மாட்டிய நாளிலிருந்து உங்கள் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது. ஓடிய தூரத்தையும் அப்படியே குறைத்துத்தான் எழுதியிருக்கும். பழைய வண்டியின் மீட்டரைத் திருத்த ஆள் தேவையில்லை, நான்கு டயர்களே போதும்!

நெடுஞ்சாலைக்காரன்:

இதை இவ்வளவு பெரிதாக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஸ்டெப்னி அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் போவதற்குத்தான். சின்ன ஸ்டெப்னியை நிறுவனங்களே கொடுக்கின்றன. அதன் பக்கச்சுவரில் தற்காலிகம் என்பதற்கு அடையாளமாக டி (T) என்ற எழுத்தும், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கும். 2020 அக்டோபர் முதல், டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை என்று மத்திய அரசின் விதி சொல்கிறது.

பட்டறைக்காரர்:

நெடுஞ்சாலையில் அது சரி. ஆழியாற்றுக்கு மேல் அடுத்த பஞ்சர் கடை எங்கே இருக்கிறது என்பதைக் கேள்வி கேட்டவரே அறிவார். நிறுவனம் தரும் சின்ன ஸ்டெப்னி அந்த வண்டியின் எடைக்கும் பிரேக்குக்கும் பார்த்து வடிவமைத்தது. பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. காற்று கேட்கும். யாரோ நான்கு சக்கரங்களையும் மாற்றியதால் தானாகச் சிறிதாகிப்போன ஸ்டெப்னிக்கு அந்த உத்தரவாதம் எதுவும் கிடையாது.

வண்டி இழுத்ததற்கு முதற்காரணம் அதை முன்னால் மாட்டியதே. முன்சக்கர இழுவை வண்டியில் இடதும் வலதும் வெவ்வேறு விட்டமாக இருந்தால், இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலில், வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய சிறு பற்சக்கரங்கள் நேர்ச்சாலையிலும் இடைவிடாமல் உருண்டு சூடேறும். எனவே முன்சக்கரம் பஞ்சரானால், பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுங்கள். ஜாக்கியை இரண்டு முறை போட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியில் வாங்கிய அலாய் வீலுக்கு நட்டின் அமரும் முகம் வேறாக இருக்கலாம். அதே நட்டு இரும்பு டிஸ்க்கில் முழுமையாக அமர்கிறதா என்று, மலையடிவாரத்தில் அல்லாமல், வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

பொருத்தம் பார்ப்பது இன்று வந்த கவலையும் அன்று. ஸ்டெப்னி என்ற பெயரே வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரிலுள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் செய்த அந்தச் சக்கரம், காற்றிறங்கிய சக்கரத்தைக் கழற்றாமலே அதன் ரிம்மோடு சேர்த்து இறுக்கும் கவ்விகளைக் கொண்டது. அளவு சேராவிட்டால் கவ்வவே முடியாது.

மலைப்பாதைப் பயணி:

ஸ்டிக்கரைப் பார்த்தேன். 185/65 ஆர்15 என்றுதான் இருக்கிறது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதே சரி. இப்போது பழையபடி நான்கு இரும்பு டிஸ்க் வாங்க வேண்டுமா? ஓடும் டயர்களின் பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேடு, தேய்ந்து மூன்று மில்லிமீட்டர் உயரந்தான் மிச்சமிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

வேண்டாம். சட்டம் அனுமதிக்கும் குறைந்த அளவு 1.6 மி.மீ.; எப்படியும் விரைவில் டயர் மாற்றத்தான் போகிறீர்கள். அப்போது இதே 16 அங்குல அலாய் வீலில் 195/55 ஆர்16 போடுங்கள். அதன் விட்டம் 620.9 மி.மீ., உங்கள் ஸ்டெப்னிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபடாது. சுமைக் குறியீட்டை மட்டும் கேட்டு வாங்குங்கள்: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545 கிலோ. ஸ்டிக்கரில் உள்ளதற்குக் குறையாமல் இருக்கட்டும். 16 அங்குலத்தில் ஐந்தாவது சக்கரம் வாங்கியிருந்தால் டிக்கியின் பள்ளத்தில் அது அமராமல் மேல்பலகை தூக்கிக்கொண்டு நின்றிருக்கவும் கூடும்.

ஸ்டெப்னியின் பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

மலைப்பாதைப் பயணி:

1214 என்று இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம்! பட்டன் புதிதுபோல் இருந்தாலும், கையால் அழுத்திப் பார்த்தால் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. ஆக, அளவு சரியாக இருந்த அந்த ஒரே டயரும் கழிக்க வேண்டியதாகிவிட்டது. நான்கு 195/55 ஆர்16, ஒரு 185/65 ஆர்15 என்று கடையில் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, ஐந்தாவதையும் அதே அளவில் போட்டுவிடட்டுமா என்று கேட்டார்.