சைலன்சர் சத்தம் கூடினால் அன்றைக்கே பாருங்கள்: திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

மாமாவின் பழைய பெற்றோல் வானில் ஹபரணைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனோம். வெளிக்கிடும்போதே வான் உறுமியது. "சைலன்சர் கொஞ்சம் போயிட்டுது, வந்து பாப்பம்" என்றார் மாமா. கந்தளாய்க்குப் போய்ச் சேருவதற்குள் பின் சீற்றில் இருந்த அக்காவின் மகளுக்குத் தலையிடி, பிறகு சத்தி. பக்கத்தில் இருந்த அம்மாவும் தலை பாரமாக இருக்கு என்றார். பயணம் ஒத்துக்கொள்ளவில்லை, தேசிக்காயை மணக்கக் குடுங்கோ என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பின்னால் இருந்த இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வருத்தம், முன்னால் இருந்த எங்களுக்கு ஒன்றுமில்லை. வானை ஓரங்கட்டி, கதவு முழுக்கத் திறந்து, எல்லோரையும் இறக்கினோம். வெளிக்காற்றில் பிள்ளையின் முகம் தெளிந்தது. தலையிடி மட்டும் பின்னேரம் வரை விடவில்லை.

காபனோரொட்சைட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். பெற்றோல் முழுதாக எரியாதபோது வரும் வாயு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இதை ஆட்களிடமிருந்து தூரக் கொண்டுபோய் விடத்தான் இஞ்சினிலிருந்து வண்டியின் பின்பக்கம் வரை அவ்வளவு நீளக் குழாய். இடையில் எங்காவது ஒழுகினால் அது தளத்தின் கீழேயே தேங்கி, கிடைத்த இடைவெளியால் உள்ளே வரும். ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றமுக்கம் குறைவதால், பின்கதவு றப்பர் காய்ந்திருந்தால் வெளியே போன புகையே திரும்பவும் உள்ளே இழுபடும். பின்கதவைப் பாதி திறந்து கயிற்றால் கட்டிச் சாமான் ஏற்றுகிறவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள். ஏசியை உள்காற்றே சுற்றும்படி விட்டால், வந்த வாயு வெளியேற வழியும் இல்லை.

ஊருக்கு வந்து கராஜ் பாஸிடம் காட்டினோம். இஞ்சினை ஓடவிட்டு, ஈரச் சாக்குத் துண்டால் பின்குழாயின் வாயைக் கொஞ்ச நேரம் பொத்தினார். நடுக்குழாய் பின் சைலன்சரோடு சேரும் இடத்தில் காற்று சீறியது. டோர்ச் அடித்துப் பார்த்தால், இணைப்பில் காற்று ஒழுகாமல் வைக்கிற கஸ்கெட் கருகிக் கிடக்கிறது. அங்கிருந்து தளத் தகடு வரை கரி விசிறிப் படிந்திருக்கிறது. அதற்கு நேர் மேலே தளத்தில் ஒரு பழைய போல்ட் ஓட்டை, மூடியிருந்த றப்பரைக் காணவில்லை. பிள்ளையின் சீற் அதற்கு மேலேதான். கஸ்கெட்டுக்குப் போனது சின்னக் காசு.

கிண்ணியாவிலிருந்து:

எங்கட நானா பாவித்த கார் ஒன்று வாங்கினார். புகைக்குழாயின் நடுவில், புகையின் நச்சைக் குறைக்கிற கன்வேட்டர் என்று ஒரு சாமான் இருக்கும். வெளியூர்க் கராஜ் ஒன்றில், "கன்வேட்டரைக் கழற்றினா புல்லிங் நல்லா வரும்" என்று சொல்லி, அதைக் கழற்றி நேர்க்குழாய் போட்டுக் கொடுத்தார்கள். கழற்றின சாமானைத் திருப்பித் தரவில்லை. அதன் உள்ளே இருப்பது நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. அந்தத் துளைகளின் சுவரில் பிளாற்றினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை கூடின உலோகங்கள் மெல்லிசாகப் பூசியிருக்கும். இப்போது விளங்கும், ஏன் தரவில்லை என்று.

புகை அந்தப் பூச்சில் பட்டுப் போகும்போதுதான் காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகவும், எரியாத பெற்றோல் ஆவி தண்ணீரும் காபனீரொட்சைட்டுமாகவும், நைதரசன் ஒட்சைட்டுகள் வெறும் நைதரசனாகவும் மாறும். 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். காலையில் ஸ்டார்ட் பண்ணின உடனே வரும் புகை மோசம் என்பது அதனால்தான். மூடின கராஜுக்குள் இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள்.

நானாவின் காரில் எச்சரிக்கை லைட் அணையவே இல்லை. கன்வேட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஒட்சிசன் சென்சர் இருக்கு. இரண்டும் ஒரே மாதிரிக் கணக்குச் சொன்னால், நடுவில் வேலை நடக்கவில்லை என்று கம்பியூட்டர் பிடித்துவிடும். கார் நின்றால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கண் எரியும். புகைப் பரிசோதனையில் பெயில். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஏலாது. கடைசியில் வேறு கன்வேட்டர் தேடி வாங்கிப் போட்டார். வாப்பாவுக்கு இழுப்பு வருத்தம், அந்தப் புகையை அவரும்தான் சுவாசித்தார். எனக்குக் கோபம் வந்தது அதற்காக, காசுக்காக இல்லை.

நிலாவெளியிலிருந்து:

கடற்கரையில் இருக்கிற எங்களுக்குச் சைலன்சர் வெளியிலிருந்து உப்பால் உக்கும். உள்ளிருந்தும் உக்கும், அது பலருக்குத் தெரியாது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வரும். கொழும்புக்கு ஓடுகிற வண்டியில் குழாய் நன்றாகச் சூடாகி அது வெளியே போய்விடும். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடினால் சைலன்சருக்குள் தேங்கி நிற்கும். கிழமைக்கு ஒருதரமாவது கொஞ்சத் தூரம் விட்டு ஓடுங்கள்.

பல சைலன்சர்களின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். தண்ணீர் வடியக் கம்பெனியே வைத்தது. ஓட்டை விழுந்திட்டுது என்று வெல்டிங் வைத்து அடைத்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அடைக்க விடாதீர்கள். காலையில் பின்குழாயில் தண்ணீர் சொட்டினால் பயப்படத் தேவையில்லை. நீலப் புகை வந்தால் இஞ்சின் ஒயில் எரிகிறது. இஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு மணத்தோடு வந்தால் இஞ்சினைக் குளிராக்குகிற கூலன்ட் எரிகிறது, வண்டியை மேலே ஓடாதீர்கள்.

கன்னியாவிலிருந்து:

ஒன்றை விட்டுவிட்டீர்கள். கச்சான் காற்றுக் காலத்தில் இங்கே புல் முழுக்கக் காய்ந்து கிடக்கும். வெந்நீர்க் கிணறு பார்க்க வந்த ஒருவர், தூரம் ஓடி வந்த காரை முழங்கால் உயரப் புல்லுக்குள் விட்டுவிட்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து புகை. நாங்கள் காரைத் தள்ளி வெளியே எடுத்து, வாளித் தண்ணீர் ஊற்றிப் புல்லை அணைத்தோம். கன்வேட்டரின் கீழே வெப்பத் தடுப்புத் தகடு ஒன்று இருக்க வேண்டும். அந்தக் காரில் அது கழன்று விழுந்திருந்தது. கராஜுக்குப் போனால் அந்தத் தகடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.