பவுடர் இண்டக்‌ஷன் மிக்சர்: ‘பொடியிழு கலப்பான்’ சரியாக இருக்குமா?

அனைவருக்கும் வணக்கம்.

பொடியைத் திரவத்துக்குள் இழுத்துக் கலக்கும் இயந்திரமான பவுடர் இண்டக்‌ஷன் மிக்சருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த பெயர்களில் ‘தூள் கரைப்பான்’, ‘தூள் உறிஞ்சு கலக்கி’ இரண்டுக்கும்தான் ஆதரவு அதிகம். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. காரணத்தை எங்கள் சேலத்து மாவை வைத்தே சொல்கிறேன்.

பள்ளி வேதியியலில் கரைப்பான் என்பது நீர், ஆல்கஹால் போன்ற திரவம். அதையே இயந்திரத்துக்கும் வைத்தால் படிக்கிற பிள்ளைகள் குழம்புவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், இதற்குள் போகிற பொடி எல்லாம் கரைவதில்லை. ஆத்தூர்ப் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளி மாவு தண்ணீரில் பால் மாதிரி நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் அடியில் படிந்துவிடும். அப்படிப் படியவைத்து மாவைப் பிரிப்பதுதான் பழைய முறை. 60, 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் அது வீங்கிக் கஞ்சியாகும்.

தொல்லை கொடுப்பது வேகவைத்து உலர்த்திய மாவு. அது பச்சைத் தண்ணீரிலேயே வீங்கும். பசை தயாரிக்கும் பட்டறை ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். மூட்டையைத் தொட்டிக்கு மேலிருந்து கொட்டுவோம். மாவு மிதக்கும், வெளிப்புறம் மட்டும் நனைந்து வழவழவென்று மூடிக்கொள்ளும். எவ்வளவு துழாவினாலும் உள்ளே ஈரம் போகாது. உடைத்துப் பார்த்தால் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். களி கிண்டுகிற வீடுகளில் இதைத்தான் ‘கட்டி தட்டிவிட்டது’ என்பார்கள். ஆகவே இதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘fish eye’ என்பதை ‘மீன்கண்’ என்று நேராக மொழிபெயர்க்கவும் வேண்டாம், ‘கட்டி’ போதும்.

சரி, இந்த இயந்திரம் என்ன செய்கிறது? உள்ளே இருக்கும் சுழலி (rotor) வேகமாகச் சுற்றித் திரவத்தை ஓரத்துக்கு வீசுகிறது. நடுவில் அழுத்தம் குறைகிறது. பொடி வரும் குழாய் அங்கேதான் திறக்கிறது. மேலே மிதக்க இடமே இல்லாமல் பொடி திரவத்துக்குள் இழுபட்டு, சுற்றிலும் அசையாமல் நிற்கும் நிலையியின் (stator) துளைகள் வழியே சிதறிப் பிரிந்து வெளியேறுகிறது. (மூட்டை தீர்ந்ததும் வால்வை மூட மறந்தால் காற்றையும் இழுத்து நுரைத்துவிடும்.) ஆகப் பெயரில் வரவேண்டிய வினை ‘இழு’. சுழலி இல்லாமல், பாயும் நீரின் வேகத்தாலேயே பொடியை இழுக்கிற வகைக்கும் இது பொருந்தும்.

‘தூள் உறிஞ்சு’ என்றால் தூளை உறிஞ்சுவதா, தூள் உறிஞ்சுவதா? மாவு தண்ணீரை உறிஞ்சவும் செய்வதால் இந்த மயக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ‘இழு’வில் அது வராது. அப்புறம் ‘கலக்கி’. இங்கே பரோட்டா கடைகளில் அது ஒரு முட்டைப் பதார்த்தத்துக்கு நிலைத்த பெயர். பட்டறையில் அந்தப் பெயரை ஒட்டவைப்பது கடினம்.

அதனால் ‘பொடியிழு கலப்பான்’. வினைத்தொகை என்பதால் நடுவில் ‘க்’ மிகாது. தூளா பொடியா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘தூளிழு கலப்பான்’ என்றாலும் சம்மதம். பெயிண்ட், மருந்துத் துறைகளில் இருப்பவர்கள் உங்கள் இடத்தில் எது வாயில் வருகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து