கண்மாய்க் கரையிலிருந்து வந்த காய்ச்சல்

அக்கா மகனுக்கு அப்போது நாலு வயசு. அலங்காநல்லூர்ப் பக்கம் கிராமம். அப்பத்தா ஆட்டை ஓட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்குக் கிளம்பினால் அவனும் கூடவே போய்விடுவான். ஐப்பசி மழை ஓய்ந்து கரையெல்லாம் புல்லும் புதரும் மண்டிக் கிடந்த நேரத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது.

பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசி போட்டு, பாராசிட்டமாலும் ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப்பும் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கும், ராத்திரி மறுபடி ஏறும். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணுக்கள் குறைந்திருந்தன, ஆனால் டெங்கு இல்லை என்று வந்தது. அப்பாடா என்று இருந்தார்கள். அதற்கடுத்த ஓரிரு நாளில் கண் இமை வீங்கி, முகம் உப்பி, வயிறும் ஊதிப்போனது. மூச்சு வாங்க ஆரம்பித்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பான், உடனே சொருகிக்கொள்வான். ஒரு விடியற்காலையில் வலிப்பே வந்துவிட்டது. 108-இல் ஏற்றி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் நேராக அங்கே போய்ச் சேர்ந்தேன்.

குழந்தைகள் வார்டில் இருந்த டாக்டரம்மா ஆக்சிஜன் வைத்து, ஊசி ஏற்ற வழி செய்துவிட்டு, அடுத்து செய்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பையனின் உடுப்பு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று டார்ச் அடித்துத் தேடினார். "அந்த அரைஞாண் கயித்தைக் கொஞ்சம் மேல தூக்குங்கம்மா" என்றார். கயிற்றுக்கு அடியில், இடுப்போரம், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு சின்னப் புண். நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. அதில் வலியோ அரிப்போ இருக்காதாம். அதனால் அவன் ஒரு நாளும் அங்கே கை வைத்துச் சொன்னதில்லை.

"ஆடு மாடு போற பக்கம் விளையாடுவானா?" என்று மட்டும் கேட்டார். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அப்போதே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பித்தார். ஸ்க்ரப் டைஃபஸ், நம்ம ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள்.

புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் இது வருகிறது. கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். இந்தக் கிருமி ரத்தக் குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்லுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். குழாயிலிருந்து நீர் கசிந்து நுரையீரல், மூளை என்று எல்லாவற்றையும் பாதிக்கும். சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் மாதிரி மருந்துகள் இதில் வேலை செய்யாது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். விலை ஒன்றும் பெரிதில்லை. நேரத்துக்குக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

முதல் ராத்திரி ஐசியூ வாசலில் அக்காவும் மச்சானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் தணியத் தொடங்கியது. அதற்கும் மறுநாள் சுத்தமாக இல்லை. எலிசா என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவும் அதற்குள் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. ஆக்சிஜனை எடுத்த பிறகு நர்ஸக்கா ஊசியோடு வந்தபோது, "எங்க கிடாய விட்டு முட்டச் சொல்லுவேன்" என்று மிரட்டினான் பாருங்கள், மச்சான் அப்போதுதான் அழுதார்.

அப்பத்தாவுக்கு ஒரே கவலை. "ஆட்டை எல்லாம் வித்துப்புடவா தாயி?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டது. ஆட்டின் மேல் குற்றமில்லை, இது ஆட்டு உண்ணியே இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். வெறும் புல்லில் உட்காரவோ படுக்கவோ விடாதீர்கள், முழுக்கால் உடுப்பு போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தேய்த்துக் குளிப்பாட்டித் துணியை மாற்றுங்கள் என்றார். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது என்றும் சொன்னார். கூடவே படுத்திருந்த தங்கச்சிப் பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாள் கால் தள்ளாடியது, சட்டென்று களைத்துப்போவான். போகப் போக எல்லாம் சரியாகிவிட்டது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கருப்புப் பொருக்கு எல்லாருக்கும் வராது. பொருக்கு இல்லை என்பதற்காக இந்த நோய் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் அஞ்சு நாள் தாண்டினால் வயல், கண்மாய், தோப்பு என்று பிள்ளை எங்கெல்லாம் போனது என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ மயங்கினாலோ அஞ்சு நாள் எல்லாம் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

மார்கழியில் அதே தெருவில் இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல். அக்காவே போய் உடுப்பைக் கழற்றித் தேடியிருக்கிறாள். காதுக்குப் பின்னால், முடிக்குள், அதே பொருக்கு. அன்றைக்கே மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு ஐசியூ தேவைப்படவில்லை.