16 ஜிபி ரேமில் டயமண்ட் (புரத வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் மென்பொருள்) ஓட்டுபவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். கத்தரி வேரின் டிரான்ஸ்கிரிப்டோமை, அதாவது அதிலுள்ள ஆர்என்ஏ வரிசைகளின் தொகுப்பை, அசெம்பிள் செய்து, எந்த வரிசை எந்தப் புரதம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சர்வர் வசதி கிடையாது. எட்டு கோர், 16 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் டெஸ்க்டாப் மட்டும்தான்.

சுவிஸ்-புராட் என்ற புரதத் தரவுத்தளத்தோடு பிளாஸ்ட்எக்ஸ் (மரபணு வரிசையைப் புரதமாக மாற்றித் தேடும் நிரல்) ஒழுங்காக ஓடி முடிந்தது. அதில் ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல்தானே புரதங்கள்! ஆனால் நிறைய வரிசைகளுக்குப் பொருத்தமே வரவில்லை. என்ஆர் என்ற பெரிய புரதத் தரவுத்தளமோ நூற்றுக்கணக்கான ஜிபி, என் டிஸ்க் தாங்காது. அதனால் ஒத்த புரதங்களைக் குழுவாக்கிச் சுருக்கிய யூனிரெஃப்50 தரவுத்தளத்தை இறக்கி, டயமண்டுக்கு மாறினேன்.

டபிள்யூஎஸ்எல்2-இல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) ஓட்டினால் பாதியில் ‘கில்டு’ என்று நின்றுவிடுகிறது. டயமண்டின் பிளாக் சைஸ், அதாவது ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும் வரிசைத் துண்டின் அளவு, இயல்பாக 2. அதைப்போல் சுமார் ஆறு மடங்கு, அதாவது 12 ஜிபி ரேம் வேண்டுமாம். டபிள்யூஎஸ்எல்2 இயல்பாக எடுத்துக்கொள்வதோ மொத்த ரேமில் பாதி, 8 ஜிபி. கோளாறு இங்கேதான் என்று படுகிறது.

பிளாக் சைஸை 1 ஆக்கினால் வேகம் ரொம்ப அடிபடுமா? இல்லை, டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் நினைவகத்தைக் கூட்டுவது நல்லதா? விண்டோஸுக்கும் மூச்சுவிட இடம் வேண்டுமே.

அப்புறம், டயமண்டின் இயல்பு நிலை 60 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை உள்ளவற்றைத்தான் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள். சென்சிட்டிவ் நிலை 40 வரை இறங்குமாம். யூனிரெஃப்50-க்கு அது கட்டாயமா? இ-வேல்யூ (தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பைக் காட்டும் எண்) வரம்பு 1இ-5 வைத்திருக்கிறேன்.

உபுண்டுவை நேரடியாகப் போடச் சொல்லாதீர்கள், வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் கணினி இது. இதே அளவு ரேமில் ஓட்டியவர்கள் உங்கள் கட்டளை வரியை அப்படியே ஒட்டினால் பெரிய உதவி.