மறு: எக்ஸ்பாண்டட், எக்ஸ்டெண்டட் இரண்டும் ‘விரிவாக்க நினைவகம்’தானா?

குழுவினர்க்கு வணக்கம்.

> எக்ஸ்பாண்டட் மெமரிக்கு ‘விரிவாக்க நினைவகம்’, எக்ஸ்டெண்டட் மெமரிக்கு
> ‘விரிவுபடுத்திய நினைவகம்’ என்று போட்டுவிட்டால் போதாதா?
> பழைய கணினிதானே, இதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல்?

போதாது ஐயா. நம் தமிழ்க் கணினிக் கையேட்டில் இந்த இரண்டும் அடுத்தடுத்த வரியில் வருகின்றன. மொரீஷியஸில் நம் ரோஸ்ஹில் வகுப்பில் பிள்ளைகள் 386 செயலி உள்ள பழைய கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யப் போகிறார்கள். ‘விரிவாக்க’, ‘விரிவுபடுத்திய’ என்று கொடுத்தால் எது எது என்று நெட்டுருப் போட வேண்டியதுதான். ஆங்கிலத்தில் இருக்கிற குழப்பத்தை நாம் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

பொருளைப் பார்ப்போம். 8088 செயலிக்கு 20 முகவரித் தடங்கள், அதாவது நினைவகத்தில் எந்த இடம் என்று சுட்டும் கம்பிகள். எட்டக்கூடியது 1024 கிலோபைட் (கேபி), அவ்வளவுதான். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் அதில் 640 நிரல்களுக்கு. மீதி 384 திரைக்கும் ரோம் என்ற அழியா நினைவகத்துக்கும் செருகு அட்டைகளுக்கும். விரிதாள்கள் பெருத்தபோது 640 பற்றவில்லை. 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து ஒரு வழி கண்டன. அந்த 384-க்குள் 64 கேபி இடத்தைக் காலியாக விட்டு, அதை 16 கேபி வீதம் நான்கு பக்கங்களாக்கி, தனி அட்டையில் கிடக்கும் பெரிய நினைவகத்தின் எந்தத் துண்டு வேண்டுமோ அதை அங்கே தெரியவைப்பது. தரவை யாரும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவதில்லை. அட்டை தன் இணைப்பை மாற்றுகிறது, செயலியின் கண்ணுக்கு அந்த இடத்தில் வேறு துண்டு தெரிகிறது. இது எக்ஸ்பாண்டட்.

எக்ஸ்டெண்டட் அப்படியல்ல. 1982-இன் 286 செயலிக்கு 24 தடங்கள். 1 எம்பியை (1024 கேபியை) தாண்டி 16 எம்பி வரை முகவரி அறுபடாமல் நீண்டு போகிறது. டாஸ் என்ற அக்கால இயங்குதளம் ஓடுகிற பழைய முறையில் அது எட்டாது என்பதால் ஹைமெம் என்ற இயக்கியைக் காவலுக்கு வைக்கிறோம்.

இனி 386. நம்மிடம் இருப்பது டிஎக்ஸ் ரகம், ஒரே வீச்சில் 32 பிட் எடுக்கும். நினைவகச் சில்லுகள் பதித்த சிறு அட்டையான 30 ஊசிச் சிம் ஒவ்வொன்றும் 8 பிட்தான் தரும். அதனால் நான்கு நான்காகத்தான் போட வேண்டும், மூன்று போட்டால் அந்த வரிசை வேலை செய்யாது. 1 எம்பிச் சிம் நான்கு போட்டோம். சாய்வாக உள்ளே வைத்து மெல்ல நிமிர்த்த வேண்டும், இரு பக்கக் கொக்கியும் ‘டக்’ என்று பிடிக்கும்வரை. அந்தப் பிளாஸ்டிக் கொக்கி இந்த வயதில் அப்பளம் மாதிரி. நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடும். க்யூர்பிப் ஊர் ஈரத்தில் வருடக்கணக்காகக் கிடந்த பெட்டி என்பதால் தொடுமுனைகள் கறுத்திருந்தன, அழிரப்பர் போட்டுத் தேய்த்ததும் தெளிந்தன. (பலகைமேல் உருளை வடிவ நிக்கல் காட்மியம் மின்கலம் இருந்தால் முதல் வேலையாக அதை வெட்டி எடுங்கள். கசிந்தால் பச்சை பூத்துச் செம்புத் தடத்தையே தின்றுவிடும்.)

இப்போது கவனியுங்கள். கணினி தொடங்கும்போது படிக்கிற கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஹைமெம் மட்டும் இருந்தால் 1 எம்பிக்கு மேலே உள்ளது எக்ஸ்டெண்டட். அடுத்த வரியில் இஎம்எம்386 என்ற இன்னொரு இயக்கியை ‘ராம்’ என்ற சொல்லோடு சேர்த்தால் அதே சில்லு, அதே சிம், எக்ஸ்பாண்டட் வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. ‘நோஇஎம்எஸ்’ என்று மாற்றினால் வேடம் கலைகிறது. திருப்புளியை யாரும் தொடவே இல்லை. ஆகவே சில்லைப் பார்த்துப் பெயர் வைக்க முடியாது. செயலி அதை எட்டுகிற வழியைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். என் வாதம் இவ்வளவே.

அப்படிப் பார்த்தால் எக்ஸ்டெண்டட் சுலபம்: நீட்சி நினைவகம். முகவரி நீள்கிறது, பெயரும் அதைச் சொல்கிறது.

> பிரெஞ்சில் எக்ஸ்பாண்டட் ‘மெமுவார் பஜினே’தான்.
> நாமும் ‘பக்க நினைவகம்’ என்று வைத்துக்கொள்ளலாமே?

ரெயூனியன் தீவிலிருந்து இதைக் கேட்ட அம்மா சொல்வது பாதி சரி. ஆனால் தமிழில் ‘பக்க’ என்றால் பக்கவாட்டு என்றும் ஆகும். பக்கவாத்தியம், பக்கவழி மாதிரி. ‘பக்க நினைவகம்’ என்றதும் பெட்டியின் ஓரத்தில் எதையோ தேடுவார்கள். ‘பக்கமாற்று’ என்றால் வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே நடக்கும் மாற்றத்தோடு மோதும். ‘சாளர நினைவகம்’ என்று எழுதிப் பார்த்தேன், உடனே விண்டோஸ் நினைவுக்கு வந்தது.

நான் முன்வைப்பது: பலகணி நினைவகம். பல கண் உள்ள சன்னல். நம் 64 கேபி இடத்திலும் நான்கு கண்.

மேல் நினைவகம் (அப்பர் மெமரி), உயர் நினைவகம் (ஹை மெமரி) இரண்டுக்கும் இதே தொல்லை. 640-க்கும் 1024-க்கும் நடுவே இருப்பதை ‘இடை நினைவகம்’ என்றும், 1 எம்பியைத் தாண்டியதும் வரும் 65,520 பைட்டை ‘விளிம்பு நினைவகம்’ என்றும் எழுதியிருக்கிறேன். முதல் 640-க்கு ‘மரபு நினைவகம்’, அதில் யாருக்கும் சண்டை இருக்காது.

386-ஐ ௩௮௬ என்று போடலாமா என்று கேட்டவருக்கு: நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எண் இருப்பது பெருமைதான், ஆனால் சில்லின் முதுகில் இன்டெல் அப்படி அச்சடிக்கவில்லையே. பிள்ளைகள் எண்ணைப் பார்த்துத்தான் சில்லை அடையாளம் காண வேண்டும்.

*

ரெயூனியன், சேந்தாந்த்ரேயிலிருந்து:

தம்பி, ‘பக்க’ பற்றிச் சொன்னது சரி, விட்டுவிடுகிறேன். பலகணி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே சன்னல் என்றாலே பாதிப் பேருக்கு விளங்காது. பலகணி என்றால் அகராதியைத்தான் திறப்பார்கள். சொல் தெரிந்தால்தானே அது வேலையைக் காட்டும்?

*

அம்மா, அது நியாயமான கேள்வி. சன்னல் என்று வைத்தால் வேறு எந்தச் சன்னலோ என்று நினைக்க இடமுண்டு. பலகணியைப் படிப்பவர் கையேட்டில்தான் முதலில் சந்திப்பார், அங்கேயே நான்கு கட்டம் போட்ட படம் பக்கத்தில் இருக்கும். படத்தின் கீழ் ‘பலகணி: பல கண் உள்ள சன்னல்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். சிம்முக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. சிம் என்று எழுதினால் பிள்ளைகள் கைப்பேசியைக் கழற்றப் பார்க்கிறார்கள். ‘நினைவகப் பட்டை’ சரிவருமா? சனிக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் அதையே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.